மாரி வருமுன் தறப்பாளை இறுக்கிக் கட்டுவோம்



ஆவணி பிறந்து விட்டால் இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களில் பாதி கூரையைப் பற்றியதாகவே இருக்கும். இம்முறையும் அப்படித்தான். முல்லைத்தீவுக் கரையோரத்தில் இருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். மகளுக்குக் கல்யாணம் செய்து வைத்து, தனது காணியிலேயே ஒரு தறப்பாள் கொட்டில் போட்டுக் கொடுத்தாராம். போன மாரியில் அது இரண்டு தடவை பிய்ந்து போனது. இப்போது பேரப்பிள்ளை பிறந்து மூன்று மாதம். “இந்த மாரியை எப்படித் தாங்குவது?” என்று கேட்கிறார்.

யுத்தம் 2009 இல் முடிந்தது, இன்னுமா தறப்பாள் என்று சிலர் நினைக்கக்கூடும். ஓட்டு வீட்டில் இருப்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். நான் போய்வரும் கிராமங்களில் கல்வீடு கிடைத்தவர்களின் அடுக்களை தறப்பாளின் கீழ் இருக்கிறது. அரைகுறையாக நிற்கும் வீட்டின் கூரை தறப்பாளாக இருக்கிறது. பிரிந்து வாழும் பிள்ளையின் கொட்டில் தறப்பாளாக இருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது, மலையகத்தில் மண்சரிவால் வீடிழந்த பெண்களும் தறப்பாளைத் தேடி அலைந்ததைக் கண்டோம். ஆகவே இது பழங்கதை அல்ல.

நானும் தறப்பாளுக்குக் கீழே படுத்தெழும்பியவள்தான். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தில் இருந்து சனத்தோடு சனமாக நடந்த நாள் தொடக்கம் கணக்கிட்டால் ஐந்து இடங்கள். மரத்தடி, பள்ளிக்கூட முற்றம், கோயில் வீதி, காட்டு ஓரம், பிறகு முகாம். 2008 நவம்பரில் நிஷா புயல் மழை வன்னியில் கொட்டியபோது, இடம்பெயர்ந்து விசுவமடு, தருமபுரம் பக்கங்களில் இருந்தவர்களின் கொட்டில்கள் எப்படி வெள்ளத்தில் நின்றன என்பதை அங்கிருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். 2009 ஆகஸ்டில் செட்டிகுளம் மெனிக்பாமில் பெய்த மழையில் கூடாரங்களுக்குள் தண்ணீர் புகுந்ததும் அப்படியே. அது மாரிகூட இல்லை, இடையில் வந்த ஒரு மழை.

இத்தனை இடங்களிலும் நான் கண்ட ஒன்றை முதலில் சொல்லி விடுகிறேன். தறப்பாளைப் பெரும்பாலும் மழை கிழிப்பதில்லை. காற்றில் அது படபடவென்று அடிப்பதும், மேலே தேங்கும் தண்ணீரின் பாரமும், நாம் ஓட்டை போட்டுக் கட்டுகிற இடமுமே கிழிக்கின்றன. இவை மூன்றையும் மாற்றுவது எங்கள் கையில் இருக்கிறது. புதிய தறப்பாள் வேண்டியதில்லை.

முதலில் சரிவைப் பாருங்கள். பலர் உள்ளே இடம் கூட வேண்டும் என்று கூரையைத் தட்டையாக இழுத்துக் கட்டுகிறார்கள். நிவாரணமாகக் கிடைக்கும் தறப்பாள் அநேகமாக 4 மீற்றர் அகலமும் 5 அல்லது 6 மீற்றர் நீளமும் கொண்டது. எங்கள் கணக்கில் 13 அடி அகலம். பெரியது 20 அடி நீளம். நடுவில் முகட்டு வளை வைத்து இருபக்கமும் சரித்தால் ஒரு பக்கத்துக்கு ஆறரை அடி வரும். கொட்டிலின் அகலத்தை 9 அடியாக வைத்துக்கொண்டு, பக்க வளையை விட முகட்டு வளையை 3 அடி உயர்த்துங்கள். இருபக்கமும் ஏறக்குறைய ஓரடி தாழ்வாரம் மிஞ்சும். இந்தச் சரிவில் தண்ணீர் நிற்காது, ஓடிவிடும். காற்றும் தட்டையான கூரையைத் தூக்குவது போல இதைச் சுலபமாகத் தூக்காது.

தட்டையாகக் கட்டினால் என்ன நடக்கும்? ஒரு மீற்றர் நீள அகலத்தில் 4 அங்குல ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கினாலே அது 100 கிலோ. இரண்டு மூட்டை சீமெந்தைக் கூரையில் ஏற்றியதற்குச் சமம். நள்ளிரவில் எழும்பித் தடியால் குத்தித் தண்ணீரை ஊற்றிய அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். அந்தத் தடிதான் மறுநாள் ஓட்டைக்கும் காரணம். தடி நுனியில் பழந்துணியை உருண்டையாகச் சுற்றிக் கட்டி வைத்திருங்கள். சரிவு போதுமானால் தடியே தேவைப்படாது.

கம்புகளின் மீது ஒரு நாள் கை வைத்துத் தடவிப் பார்ப்பது நல்லது. வெட்டிய கணுவும் உரியாத பட்டையும் கூர் நுனியும் தறப்பாளில் உராய்ந்து உராய்ந்து அரித்துவிடும். கணுக்களைக் கத்தியால் சீவி, முகட்டு வளைக்கும் கப்பு நுனிகளுக்கும் பழைய சாக்கு அல்லது கிழிந்த சாரத்தைச் சுற்றிக் கட்டுங்கள். கப்புகள் குறைந்தது 2 அடி ஆழத்தில் நிற்க வேண்டும். குழியில் மண்ணை மட்டும் போட்டு மிதிக்காமல் கல்லும் உடைந்த செங்கல்லும் போட்டு அலவாங்கால் இடியுங்கள். வன்னியில் கறையானின் தொல்லை சொல்லத் தேவையில்லை. நிலத்துக்குள் போகும் பகுதியை நெருப்பில் கருக வாட்டிக் கழிவு ஒயில் பூசினால் சில மாரிகள் கூடத் தாங்கும்.

இனிக் கட்டுகிற விதம். தறப்பாள் ஓரத்தில் கண்கள் இருந்தால் அவற்றில் கட்டுங்கள். கண் கழன்றிருந்தால் கத்தியால் புது ஓட்டை போட வேண்டாம். அந்த ஓட்டையில் இருந்துதான் முதற்காற்றில் கிழிசல் தொடங்கும். வழுவழுப்பான ஒரு கூழாங்கல்லை, தேசிக்காய் அளவானதாக எடுத்து, தறப்பாளின் உட்பக்கமாக வைத்து, சேலைத் தலைப்பில் காசு முடிவது போல முடியுங்கள். அந்தக் கழுத்தில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினால் எந்தக் காற்றுக்கும் கழராது. தறப்பாளில் ஒரு துளையும் விழாது. ஓரத்தில் மட்டும் அல்ல, நடுவிலும் இப்படிக் கட்டலாம். எனக்கு இதைக் காட்டித் தந்தவர் முகாமில் அடுத்த கூடாரத்தில் இருந்த ஒரு வயோதிப அம்மா. கயிற்றுக்காக அவர் கிழிந்த மீன்வலையைத் திரித்து வைத்திருந்தார்.

ஆணிதான் அடிக்க வேண்டும் என்றால் நேராகத் தறப்பாளில் அடிக்காதீர்கள். ஓரத்தை மூன்று மடிப்பாக மடித்து, மேலே ஒரு பனஞ்சலாகையை வைத்து, சலாகையோடு சேர்த்து அடியுங்கள். சலாகை இல்லாவிட்டால் சோடா மூடியும் அதற்குக் கீழே ஒரு துண்டு சைக்கிள் ரியூப்பும் போதும். கூரையின் நடுவில் ஆணியே வேண்டாம்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. கிளிநொச்சிப் பக்கம் ஒரு தாய். மகனின் படம் ஒன்றே ஒன்றுதான் அவரிடம் இருந்தது, பள்ளிக்கூட அடையாள அட்டைக்காக எடுத்தது. பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தார். பெட்டிக்கு நேர் மேலே கூரையில் ஒரு ஆணி ஓட்டை. இரண்டு நாள் மழை துளித்துளியாக உள்ளே இறங்கி, மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்தபோது முகம் அழிந்திருந்தது. மகனைத் தேடி எந்த விசாரணைக்குப் போனாலும் படம் எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தத் தாய் இப்போது வெறும் காகிதத்தைக் காட்டுகிறார். ஆகவே அடையாள அட்டை, காணி அனுமதிப்பத்திரம், மரணச் சான்றிதழ், காணாமற் போனவர் பற்றிய முறைப்பாட்டின் பிரதி, படங்கள் எல்லாவற்றையும் இரண்டு பொலித்தீன் பைகளில், ஒன்றின் வாயை மற்றதற்குள் திருப்பி வைத்துக் கட்டி, நிலத்தில் வைக்காமல் கப்பில் தொங்க விடுங்கள். தொலைபேசி வைத்திருக்கும் பிள்ளைகளிடம் சொல்லி ஒவ்வொன்றையும் படம் எடுத்து வைப்பதும் நல்லது.

காற்றுக்கு வருவோம். தறப்பாள் எவ்வளவு இறுக்கமாக இருக்கிறதோ அவ்வளவு நாள் இருக்கும். தளர்வாக விட்டால் காற்று அதை அடித்து அடித்து நூலை அறுத்துவிடும். அதேவேளை முரட்டுத்தனமாக இழுத்துக் கட்டினால் ஒரு பெருங்காற்றில் கட்டிய இடம் தெறிக்கும். இதற்குப் பழைய சைக்கிள் ரியூப்பை நீளவாட்டில் வெட்டி, ஒரு முழத் துண்டைக் கயிற்றின் நடுவில் சேர்த்துக் கட்டுங்கள். காற்று இழுக்கும்போது ரப்பர் நீண்டு கொடுக்கும், பிறகு தானே இறுகும். நைலோன் கயிறு நனைந்தால் தளரும். மழை நாளில் பொழுதுபடமுன் ஒரு தடவை சுற்றி வந்து இழுத்துப் பார்த்துவிட்டுப் படுங்கள். கயிற்றின் வழியாக ஓடித் தண்ணீர் உள்ளே வருகிறதா? தறப்பாளுக்கு வெளியே கயிற்றில் ஒரு துணி நாடாவை முடிந்து தொங்க விடுங்கள். தண்ணீர் அந்த நாடாவால் வடிந்து வெளியிலேயே சொட்டும். இவ்வளவு சின்ன விடயம்தான், ஆனால் பாய் நனையாது.

முளையைச் செங்குத்தாக அடிக்கக் கூடாது. தலை கொட்டிலுக்கு அப்பால் சாய்ந்தபடி அடிக்க வேண்டும். ஆனால் கடிதம் எழுதிய சகோதரி இருப்பது கடற்கரை மணல். அங்கே எவ்வளவு நீள முளையும் நிற்காது, கையோடு வரும். உரப்பையில் மணலை நிரப்பி வாயைக் கட்டி, கயிற்றை அதன் நடுவில் கட்டி, 2 அடி ஆழத்தில் படுக்கையாகப் புதைத்து மிதித்து விடுங்கள். ஒரு கொட்டிலுக்கு எட்டு மூட்டை போதும். கரையோரத்தில் பழைய மீன்வலைக்குப் பஞ்சமில்லை. தறப்பாளின் மேலே வலையை விரித்து நான்கு புறமும் இந்த மூட்டைக் கயிறுகளோடு கட்டினால் தறப்பாள் எழும்பி அடிக்க இடமே இராது. கரையூர்களில் கிடுகுக் கூரைக்கு வலை போடுவது பழைய வழக்கம்தானே. பாரத்துக்காகக் கல்லையும் ரயரையும் கூரையின் மேல் வைக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். கீழே குழந்தை படுத்திருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். பாரம் எப்போதும் நிலத்தோடு இருக்கட்டும்.

மாரியில் காற்று பெரும்பாலும் வடக்கு, வடகிழக்கில் இருந்து வீசும். வாசலைத் தெற்கு அல்லது மேற்குப் பக்கம் வையுங்கள். வீதி அந்தப் பக்கம் இல்லையே என்று பார்க்க வேண்டாம். பனை, தென்னைக்கு நேர் கீழேயும், பட்ட கொப்புள்ள மரத்தின் கீழேயும் கொட்டில் வேண்டாம்.

நிலத்தில் இருந்து வரும் தண்ணீரைப் பற்றி யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. ஒரு நாளில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் இந்த ஒரு தறப்பாளில் இருந்து மட்டும் ஏறக்குறைய 1000 லீற்றர் தண்ணீர் வழியும். அது விழும் இடத்திலேயே, தாழ்வாரத்துக்கு நேர் கீழே, மண்வெட்டி அகலத்தில் அரை அடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டிப் பள்ளமான பக்கத்துக்கு விடுங்கள். அடுத்த வீட்டுக்காரியின் கொட்டிலுக்குள் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முகாமில் நான் கண்ட சண்டைகளில் பாதி இதனால் வந்தவை. வெட்டிய மண்ணை உள்ளே போட்டு, புற்றுமண் கிடைத்தால் அதையும் சேர்த்து, தரையை அரை அடி உயர்த்தி மெழுகுங்கள். நிலத்தில் பொலித்தீன் விரிப்பவர்கள் அதன் ஓரம் சுவருக்கு வெளியே ஒரு விரற்கடை கூட நீட்டாதபடி உள்ளே மடித்து வையுங்கள். நீட்டினால் அதில் விழும் மழை நேரே பாய்க்குக் கீழே வரும்.

சிலர் ஒழுக்கே இல்லை, ஆனாலும் காலையில் உள்ளே எல்லாம் ஈரம் என்கிறார்கள். அது மழையல்ல. ஐந்து பேர் விடும் மூச்சு குளிர்ந்த தறப்பாளில் பட்டுத் தண்ணீராகிறது. தனியாகப் பிள்ளைகளோடு இருக்கும் பெண்கள் பயத்தில் ஒரு இடுக்கும் விடாமல் மூடிக் கட்டுவதை நான் குறை சொல்லமாட்டேன். அந்தப் பயம் எனக்கும் தெரியும். ஆனால் முகட்டுக்குக் கீழே இரு முனைகளிலும், ஆள் எட்டாத உயரத்தில், ஒரு சாண் இடைவெளி விட்டு வலைத் துணியால் மறையுங்கள். யாரும் எட்டிப் பார்க்க முடியாது, காற்றும் போய்வரும். அடுப்பை மட்டும் எந்த மழைக்கும் உள்ளே கொண்டு வராதீர்கள். தறப்பாள் பற்றினால் உருகி மேலே சொட்டும். குளிருக்காக மூடிய கொட்டிலுக்குள் கரிச்சட்டி வைத்தால் அதன் நச்சுப்புகை மணமில்லாமலே உயிரை எடுத்துவிடும். ஒரு பக்கம் திறந்த தனி அடுக்களையும், இப்போதே உலர்த்தி மூடி வைத்த இரண்டு கட்டு விறகும் மாரியில் பெரிய சொத்து.

பழைய தறப்பாள் இன்னும் உதவுமா என்று அறிய வெயில் நேரத்தில் உள்ளே நின்று மேலே பாருங்கள். ஊசித் துளைகளாக வெளிச்சம் தெரிந்தாலோ, நகத்தால் சுரண்ட வெள்ளைத் தோல் உரிந்து உள்ளே கறுப்பு நூல் தெரிந்தாலோ வெயில் அதைத் தின்றுவிட்டது. அதைச் சுவருக்கு மாற்றிவிட்டு நல்லதைக் கூரைக்குப் போடுங்கள். கிழிசலுக்கு ரியூப் ஒட்டும் பசை பிடிக்காது. கிழிந்த இரு ஓரத்தையும் சேர்த்து மடித்துத் தூண்டில் நைலோனால் தைத்து, தையலில் மெழுகுதிரியைத் தேயுங்கள். மடிப்பின் வாய் சரிவின் கீழ்ப்பக்கம் பார்த்திருக்க வேண்டும், ஓடு அடுக்குவது போல. கிடுகு கிடைத்தால் தறப்பாளின் மேலே வேய்ந்து விடுங்கள். வெயில் நேரே படாவிட்டால் தறப்பாள் நீண்ட காலம் உழைக்கும், உள்ளே வெக்கையும் குறையும். பனையோலை என்றால் மட்டையின் கருக்கைச் சீவிய பின்புதான்.

இவ்வளவையும் ஒரு கிராமத்தில் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு தங்கச்சி குறுக்கிட்டுக் கேட்டார். “அக்கா, வீட்டுத்திட்டத்தில பேர் வந்திட்டுது எண்டு சொல்லிச்சினம். இண்டைக்கோ நாளைக்கோ எண்டு இருக்கிறதுக்கு ஏன் இவ்வளவு மினக்கெடுவான்?” நான் அவரிடம், “எத்தனை வருசமாப் பேர் வந்திருக்குது, பிள்ளை?” என்று கேட்டேன். மூன்று என்றார். மூன்று மாரி. தற்காலிகம் என்ற சொல்லை எழுதுகிறவர்களுக்கு அது ஒரு சொல். மெனிக்பாமும் தற்காலிகம் என்றே தொடங்கியது. 2012 செப்டெம்பரில்தான் மூடினார்கள். வீட்டுக்கான கடிதத்தை ஒரு பக்கம் எழுதிக்கொண்டே இருங்கள், கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் போய்க் கேட்டுக்கொண்டே இருங்கள். அதற்காக இந்த மாரியில் பிள்ளை நனைய வேண்டியதில்லை.

இன்னொருவர் சொன்னது வேறு. “கூரையில ஏற ஒரு ஆம்பிளை வேணும். கேட்டுப் போனா ஊர்க்கதை.” கணவனை இழந்த எத்தனையோ பெண்கள் மைத்துனரோ அயலவரோ வரும்வரை ஐப்பசியும் காத்திருந்து, கார்த்திகையில் நனைகிறார்கள். தறப்பாள் கட்டக் கூரையில் ஏறத் தேவையே இல்லை. ஓரத்தில் இரண்டு இடத்தில் கல் முடிந்து நீளக் கயிறு கட்டுங்கள். கயிற்றின் மறுநுனியில் ஒரு சிறு கல்லைக் கட்டி முகட்டு வளைக்கு மேலால் அந்தப் பக்கம் எறியுங்கள். அங்கே இருவர் நின்று மெதுவாக இழுக்க, இங்கே இருவர் தூக்கிக் கொடுக்கத் தறப்பாள் தானாக ஏறிவிடும். காற்றில்லாத விடியற் பொழுதில் செய்ய வேண்டும். நான்கு பெண்கள் சேர்ந்தால் ஒரு காலையில் ஒரு கொட்டில் முடியும். நான்கு நாளில் நால்வரின் கொட்டிலும் முடியும். போன வருடம் ஓரிடத்தில் தறப்பாள் கொடுத்தவர்கள் கயிறும் கம்பும் கொடுக்காமல் போய்விட்டார்கள். அங்குள்ள மாதர் சங்கத்தார் சேமிப்புக் காசில் கயிற்றை மொத்தமாக வாங்கிப் பங்கிட்டு, இந்த முறையில்தான் கட்டி முடித்தார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் மேலே சொன்ன எல்லாம் மாரிக்கும் பெருங்காற்றுக்கும் பொருந்தும். சூறாவளிக்கு எந்தத் தறப்பாளும் நிற்காது. 1978 நவம்பரில் மட்டக்களப்பில் அடித்த சூறாவளியை நினைவு வைத்திருக்கும் முதியவர்களைக் கேட்டால் கல்வீட்டுக் கூரைகள் பறந்த கதையைச் சொல்வார்கள். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறியபோது முன்கூட்டியே பாடசாலைகளுக்குப் போனவர்கள் நல்லதே செய்தார்கள். எச்சரிக்கை வந்தால், காற்று எழும்ப முன்பே தறப்பாளைக் கழற்றி மடித்து, பாரமான பொருளின் கீழ் வைத்துக் கட்டிவிட்டு, பத்திரப் பையையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பாடசாலைக்கோ கோயில் மண்டபத்துக்கோ போய்விடுங்கள். திரும்பி வரும்போது கம்பு விழுந்திருக்கலாம், தறப்பாள் கையில் இருக்கும். இரவென்றாலும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

உவர்ச் சேற்று நிலத்தில் கப்பு சாயாமல் நிற்க என்ன செய்வது என்று மன்னார்ப் பக்கத்தில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அங்கே பல வருடம் இருந்து பழகியவர்களின் கைமுறை எனக்கு வேண்டும். தெரிந்த சகோதரிகள் ஒரு தபாலட்டையில் எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.